சிறு பாடசாலைக்கேற்ற சிற்றணி ஆட்டம்

அமெரிக்க உதைபந்தாட்டத்தின் அறுவர், எண்மர், ஒன்பதின்மர் வகைகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

விளையாட்டு கல்வியின் ஓர் உறுப்பு என்பதை இக்காலத்தில் மறுப்பார் இலர். உடல் உரம், உள்ள உறுதி, தோழமை, தோல்வியைத் தாங்கும் பெருந்தன்மை ஆகிய பண்புகள் விளையாட்டுத் திடலிலே விளைவன என்று பரிசளிப்பு விழாத்தோறும் கூறக் கேட்கின்றோம். ஆயின், ஓர் ஆட்டத்துக்கு இத்துணைப் பேர் வேண்டும் என விதித்தவர் யாவர்? அத்தொகைக்கு ஆள் சேராத பாடசாலை என் செய்யும்? இவ்வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. அமெரிக்க நாட்டுச் சிற்றூர்ப் பாடசாலைகள் இவ்வினாக்களுக்குக் கண்ட விடையை ஆராய்ந்து, திருகோணமலை மாவட்டத்துச் சிறு பாடசாலைகளுக்கு அதனால் விளையக்கூடிய பயனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கர் 'உதைபந்தாட்டம்' என வழங்குவது நாம் அப்பெயரால் அறிந்த ஆட்டம் அன்று. அது றக்பி ஆட்டத்தின் வழித்தோன்றல். பந்து நீள்வட்ட வடிவினது. பெரும்பாலும் கையாலேயே கையாளப்படுவது. ஒவ்வோர் அணியிலும் பதினொருவர் ஆடுவர். திடலின் நீளம் 100 யார். அகலம் 53 யாரும் ஓர் அடியும். பந்தை உடைய அணிக்கு நான்கு முயற்சிகள் அளிக்கப்படும். அந்நான்கினுள் 10 யார் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிடிற் பந்து எதிரணிக்கு உரியதாகும். பந்தை ஏந்தியவனை எதிரணியினர் பிடித்து வீழ்த்துவர். பந்தோடு எதிரியின் இறுதி எல்லையைக் கடந்தோர் ஆறு புள்ளிகள் பெறுவர். இவ்வளவே இதன் சுருக்கம்.

பதினொன்று என்னும் தொகை இவ்வாட்டத்துக்கு இயற்கையாக அமைந்தது என எண்ணுதல் தவறு. 1869 நவம்பர் 6ஆம் நாள் றட்கேர்ஸ், பிரின்ஸ்ரன் ஆகிய இரு கல்லூரிகளும் ஆடிய ஆட்டமே அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தின் தொடக்கமெனக் கொள்ளப்படுகின்றது. அன்று ஒவ்வோர் அணியிலும் இருபத்தைவர் ஆடினர். பின்னர் றக்பி முறை புகுந்த காலத்திற் பதினைவர் ஆயினர். வால்டர் காம்ப் என்பவரின் வற்புறுத்தலால் 1880இலேயே அத்தொகை பதினொன்றாகக் குறைந்தது. றக்பியிலும் நாடுகளுக்கிடையிலான போட்டிகளில் இருபதின்மர் ஆடிய நிலை மாறி, 1877இற் பதினைவர் என்னும் வழக்கம் ஏற்பட்டது. 1883இல் ஸ்கொத்லாந்தின் மெல்றோஸ் என்னும் சிற்றூரில், நெட் ஹெய்க் என்னும் இறைச்சி வாணிகர் தம் கழகத்துக்குப் பொருள் ஈட்டும் பொருட்டு எழுவர் றக்பியை ஏற்படுத்தினார். அதுவே 2016இல் ஒலிம்பிக் அரங்கேறியது. ஆகவே, ஆட்டத்தின் ஆட்தொகை காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மனிதர் செய்துகொண்ட உடன்பாடே என்பது தெளிவாம்.

இனி, அறுவர் ஆட்டத்தின் வரலாற்றை நோக்குவோம். 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் வாட்டியது. நெப்ராஸ்கா முதலிய நடுநில மாநிலங்களில் வறட்சியும் உடன்சேர்ந்தது. அங்கிருந்த உயர்நிலைப் பாடசாலைகளுட் பல மிகச் சிறியவை. பதினொருவரைத் திரட்டவோ, அவர்களுக்குத் தலைக்கவசமும் தோட்காப்பும் வாங்கிக் கொடுக்கவோ அவற்றால் இயலவில்லை. அம்மாநிலத்துச் செஸ்டர் என்னும் ஊரில் ஆசிரியராயிருந்த ஸ்டீபன் எப்ளர் என்பவர் இக்குறையை நீக்க எண்ணி, அறுவர் ஆடத்தக்க விதிகளை வகுத்தார். 1934 செப்டெம்பர் 26ஆம் நாள் ஹெப்ரன் நகரில் முதல் ஆட்டம் நடைபெற்றது. ஹார்டி, செஸ்டர் ஆகிய இரு பாடசாலைகளும் ஓரணியாகவும், பெல்விடியர், அலெக்சாந்திரியா ஆகிய இரண்டும் மற்றோர் அணியாகவும் நின்று ஆடின. இரு அணிகளும் 19 புள்ளிகள் பெற்றமையால் வென்றாரும் இலர், தோற்றாரும் இலர் என்னும் நிலையில் ஆட்டம் முடிந்தது. 1938இல் எப்ளர் இவ்வாட்டத்தைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரின் பின், 1946இல், போர்முனையினின்று மீண்டோர் கற்பதற்கென ஒறிகன் மாநிலத்தில் அவர் அமைத்த வான்போர்ட் கல்வி நிலையமே பின்னாளிற் போர்ட்லந்து மாநிலப் பல்கலைக்கழகமாய் வளர்ந்தது. வாய்ப்பற்றோருக்கு வாயில் திறப்பதே அவர் வாழ்வின் போக்காய் இருந்தமை இதனாற் புலனாகின்றது.

எப்ளர் பதினொருவரில் ஐவரைக் கழித்துவிட்டு வாளாவிருந்தாரல்லர். ஆட்தொகை குறையும்போது ஆட்டத்தின் சமநிலை எங்கெங்கே குலையும் என ஆய்ந்து, அவ்வவ்விடத்தே விதியைத் திருத்தினார். இதுவே நாம் ஊன்றிக் கற்கவேண்டிய பாடமாகும்.

முதலாவது, திடல். அறுவர் ஆட்டத்தின் திடல் 80 யார் நீளமும் 40 யார் அகலமும் உடையது. பெரிய திடலிற் பதினொருவர் ஆடுங்கால், 22 பேருக்கு 5,333 சதுர யார் நிலம் உண்டு. ஆளொருவருக்கு ஏறக்குறைய 242 சதுர யார் ஆகும். சிறிய திடலில் 12 பேருக்கு 3,200 சதுர யார். ஆளொருவருக்கு ஏறக்குறைய 267. ஆட்களின் தொகை பாதியளவாகக் குறைந்தும் ஒருவருக்குரிய நிலப்பரப்பு பெரிதும் மாறவில்லை என்பதைக் காண்க. திடலைக் குறைக்காது ஆட்களை மட்டும் குறைத்திருந்தால், ஓட்டத்தில் வல்ல ஒருவனே ஆட்டம் முழுவதையும் தனதாக்கிக் கொண்டிருப்பான்.

இரண்டாவது, முன்னேறவேண்டிய தூரம். தடுப்போர் சிலராயின் முன்னேறுதல் எளிது. ஆகவே, நான்கு முயற்சிகளில் 10 யாருக்குப் பதிலாக 15 யார் முன்னேறவேண்டும் என விதிக்கப்பட்டது.

மூன்றாவது, பந்தைப் பெறும் உரிமை. பதினொருவர் ஆட்டத்தில் முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஐவர் முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடித்தல் ஆகாது. எதிரிகளை மறித்துத் தம்மவர்க்கு வழி உண்டாக்குவதே அவர்களுக்கு உரிய பணி. பல ஆண்டுகள் ஆடியும் பந்தை ஒருமுறையேனும் கையால் ஏந்தாதார் அவர்களுட் பலர். அறுவர் ஆட்டத்திலோ அறுவரும் பந்தைப் பிடிக்கலாம். நடுவில் நின்று பந்தைக் கால்களுக்கிடையே பின்னோக்கி அளிப்பவனும் அதற்கு விலக்கல்லன்.

நான்காவது, கைமாற்று விதி. இதனை எப்ளரின் விதிகளுள் தலையாயது எனலாம். பந்தை முதலிற் பெற்றவன் தானே அதனை ஏந்தித் தொடக்கக் கோட்டைக் கடந்து ஓடுதல் ஆகாது. மற்றொருவனுக்குக் கைமாற்றிய பின்னரே அது முன்னோக்கி ஓடும். சிறு பாடசாலை ஒன்றிலே ஏனையோரைவிட வலியனும் விரைவினனுமான மாணவன் ஒருவன் இருத்தல் இயல்பு. இவ்விதி இல்லையேல் அவன் ஒருவனே ஆடுவான். மற்றை ஐவரும் அவன் பின்னே ஓடுவர். பகிர்ந்து ஆடுக என வாயாற் போதிக்கும் அறத்தை எப்ளர் விதியாகவே ஆக்கிவைத்தார்.

ஐந்தாவது, புள்ளிமுறை. முன்வரிசையிற் காப்போர் சிலரேயாதலால், பந்தை உதைத்துக் கம்பங்களினூடே செலுத்துவது இவ்வாட்டத்தில் அரிது. அதனாற் பதினொருவர் ஆட்டத்தில் மூன்று புள்ளி பெறும் உதைக்கு இங்கே நான்கு அளிக்கப்படும். இறுதி எல்லையைக் கடந்தபின் உதைத்துப் பெறும் மேலதிகப் புள்ளி ஒன்றுக்குப் பதிலாக இரண்டு. கம்பங்களின் இடைவெளி சற்று அகன்றும் குறுக்குக் கம்பம் சற்றுத் தாழ்ந்தும் இருக்கும்.

ஆறாவதாக, இன்று வழங்கும் மற்றொரு விதியும் குறிப்பிடத்தக்கது. ஆட்டத்தின் பிற்பாதியில் ஓரணி 45 புள்ளிகளால் முந்துமாயின் ஆட்டம் அவ்விடத்தே நிறுத்தப்படும். மெலிந்த அணியினர் மேலும் அவமானமுறாது வீடு திரும்புக என்னும் கருணை இவ்விதியில் விளங்குகின்றது.

எண்மர் ஆட்டமும் ஒன்பதின்மர் ஆட்டமும் இதற்கும் முழு ஆட்டத்துக்கும் இடைப்பட்டவை. இவற்றில் 10 யார் விதி மாறுவதில்லை. பெரும்பாலும் முன்வரிசையினின்றே ஆட்கள் குறைக்கப்படுவர். திடலின் அகலத்தை 40 யாராகச் சுருக்கி, நீளத்தை இடத்துக்கேற்ப 80 அல்லது 100 யாராகக் கொள்வர். கான்சாஸ், நெப்ராஸ்கா முதலிய மாநிலங்களில் எண்மர் ஆட்டமும், மினசோட்டா, வட டக்கோட்டா, தென் டக்கோட்டா ஆகியவற்றில் ஒன்பதின்மர் ஆட்டமும் வேரூன்றியுள்ளன. டெக்சாஸ் மாநிலத்தில் 1938 முதல் அறுவர் ஆட்டம் ஆடப்படுகின்றது. 1972 முதல் அதற்கு மாநில வாகையர் பட்டமும் உண்டு. கனடாவின் சஸ்கச்சுவான், அல்பேட்டா மாகாணங்களிலும் அறுவர் அணிகள் உள. இடைக்காலத்திற் சிறு பாடசாலைகள் பல ஒன்றிணைக்கப்பட்டமையால் இவ்வாட்டங்கள் குன்றின. பின்னர் நாட்டுப்புறங்களிற் குடித்தொகை அருகியதால் அவை மீண்டும் பெருகலாயின. மிச்சிகன் மாநிலம் 2011இல் எண்மர் ஆட்டத்துக்கெனத் தனி இறுதிச் சுற்றினைத் தொடங்கியது இதற்குச் சான்றாகும்.

இத்தகைய ஆட்டங்களைப் பற்றி இரு தடைகள் எழுப்பப்படுவதுண்டு. ஆட்டத்தின் தரம் குன்றும் என்பது ஒன்று. டெக்சாசின் கிறிஸ்டோவல் என்னும் சிற்றூரில் அறுவர் ஆட்டம் பயின்ற ஜாக் பார்டி, பின்னர் நாட்டின் தலைசிறந்த தொழின்முறை அணிகளில் ஆடியும் அவற்றைப் பயிற்றியும் புகழ்பெற்றார். சிறு திடல் அவர் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. மற்றைய தடை, உடலூறு பற்றியது. ஓடுவோனைப் பிடித்து வீழ்த்தும் ஆட்டத்திலே தலையில் அடிபடும் ஆபத்து அணி சிறிதாயினும் பெரிதாயினும் உண்டு. இதனை எளிதில் ஒதுக்கிவிடுதல் தகாது. இவ்விடரை நீக்கும் பொருட்டு எழுந்ததே கொடி உதைபந்தாட்டம். இடையிற் கட்டிய பட்டியினின்று தொங்கும் துணிக்கீற்றைப் பறித்துவிட்டாற் போதும். ஓடுவோன் வீழ்த்தப்பட்டவனாகவே கருதப்படுவான். ஐவர் ஐவராக ஆடும் இவ்வகை, ஆடவர் மகளிர் இருபாலார்க்கும் உரியதாய் 2028ஆம் ஆண்டின் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விழாவுக்கென 2023இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதினொருவர் ஆட்டத்தைத் தன் பெருமையாகக் கொண்ட நாடு, உலகினர் முன் வைப்பது ஐவர் ஆட்டத்தையே என்பது சிந்திக்கத்தக்கது.

மாறாக, முழு ஆட்டத்தை முழுக் கவசத்தோடு நம் பகுதிக்குக் கொணர முயன்றதும் உண்டு. இந்தியாவை நடுவாகக் கொண்டு 2011இல் அறிவிக்கப்பட்ட தொழின்முறைப் போட்டித் தொடரிலே கொழும்பின் பெயராலும் ஓர் அணி இடம்பெற்றது. 2012இல் ஆட்டங்கள் நடைபெற்றன. ஆயினும் அம்முயற்சி வேர்கொள்ளவில்லை. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே கிழக்கிலங்கையில் நிலைபெற்றுவிட்ட அமெரிக்க ஆட்டம் பிறிதொன்று. அது கூடைப்பந்தாட்டம். இரண்டாம் உலகப் போரின் பின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவியர் திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளுக்குப் பணியாற்ற வந்தனர். மட்டக்களப்பின் வெபர் மைதானம் அவருள் ஒருவரது பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அவருள் மற்றொருவரான லூசியானாவைச் சேர்ந்த யூஜின் ஹெபேர் அடிகளார், கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராய்ப் பல தலைமுறை மாணவரை உருவாக்கினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையினின்று மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்ட அவர் காணாமற்போனார். அவர் விதைத்த ஆட்டமோ மறையவில்லை. உதைபந்தாட்டப் பற்று மிகுந்த தென்மாநிலத்தினின்று வந்த அவர், ஐவரும் ஒரு சீமெந்துத் தளமும் இருந்தாற் போதுமான ஆட்டத்தையே இங்கு வளர்த்தார் என்பது நம் கருத்துக்கு அரண் செய்கின்றது.

கூடைப்பந்தாட்டமும் ஓர் ஆசிரியரின் இடுக்கணிற் பிறந்ததே. 1891இல் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, மாரிக்காலத்தில் மண்டபத்தினுள் அடைபட்டிருந்த பதினெண் மாணவரை ஆட்டுவிக்க வேண்டியவரான ஜேம்ஸ் நைஸ்மித், ஒன்பதின்மர் ஒன்பதின்மராய் ஆடும்படி அதனை வகுத்தார். ஐவர் என்னும் தொகை சில ஆண்டுகளின் பின்னரே உறுதிபெற்றது. 1930இல் உருகுவே நாட்டின் மொந்தேவிதேயோ நகரில் உடற்பயிற்சி ஆசிரியரான ஹுவான் கார்லோஸ் செரியானி மண்டபத்தினுள் ஆடத்தக்க ஐவர் உதைபந்தாட்டத்தை வகுத்தார். நைஸ்மித், செரியானி, எப்ளர் ஆகிய மூவரும் தம்முன் நின்ற மாணவரை எண்ணி, அவர்க்கேற்ற ஆட்டத்தைச் சமைத்த ஆசிரியர்கள்.

இவ்வறிவு நம்மவர்க்குப் புதியதும் அன்று. கிளித்தட்டு ஆடும் சிறுவரைக் காண்க. நிலத்திற் கோடு கீறுமுன் அவர்கள் செய்வது யாது? வந்தவர் எத்தனை பேர் என எண்ணுவர். எண்மர் வந்தால் அதற்கேற்ற தட்டுகள். பன்னிருவர் வந்தால் தட்டுகள் கூடும். ஆள் போதாது என்று ஆட்டத்தைக் கைவிட்டு வீடு திரும்பும் வழக்கம் கிளித்தட்டில் இல்லை. தலைக்கு ஏற்ற தட்டு என்னும் இந்நெறியையே எப்ளர் யார்க்கணக்கில் எழுதிவைத்தார் எனலாம்.

இனி, நம் மாவட்டத்தை நோக்குவோம். திருகோணமலை நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு ஆட்குறை இல்லை. ஆனால் வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் முதலிய பகுதிகளின் உட்கிராமங்களில் உள்ள பாடசாலைகளின் நிலை வேறு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த போரினாலும் இடம்பெயர்ந்து மீண்ட ஊர்கள் இவற்றுட் பல. 2006இற் சம்பூரை விட்டு அகன்ற மக்கள் 2015 தொடக்கமே தம் மண்ணுக்குத் திரும்பத் தொடங்கினர். இத்தகைய ஊர்களிற் பாடசாலைக் கட்டடம் எழுந்த அளவுக்கு மாணவர் தொகை எழுதல் எளிதன்று.

ஒரு கணக்குப் பார்ப்போம். முதலாந் தரம் முதற் பதினோராந் தரம் வரை 110 மாணவர் பயிலும் ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்க. தரம் ஒன்றுக்குப் பதின்மர். அவருட் பாதியர் ஆண்கள் எனின் ஐவர். பதினாறு வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு இரு தரங்களினின்று ஆட்களைத் திரட்டினாலும் பதின்மரே தேறுவர். அவருள் ஒருவன் நோயுற்றிருப்பான். ஒருவன் தந்தையோடு கடலுக்கோ வயலுக்கோ சென்றிருப்பான். பதினொருவர் அணி அங்கே எக்காலத்தும் உருவாகாது. அறுவர் அணியோ மாற்று ஆட்களோடும் உருவாகும். பெண்பிள்ளைகளுக்கும் இக்கணக்கே பொருந்தும். டெக்சாஸ் மாநிலத்தில் நான்கு வகுப்புக்களிலுமாக ஏறத்தாழ 105 பேருக்குக் குறைந்த மாணவரை உடைய பாடசாலையே அறுவர் ஆட்டத்துக்கு உரியது எனக் கொள்வர். அதே தொகையினர் நம் சிறு பாடசாலையிலே பதினொரு வகுப்புக்களிற் பரந்துள்ளனர். அவர்கள் சிறிது என ஒதுக்கி இடமளித்ததிலும் மிகச் சிறிய பாடசாலையிடம் நாம் பதினொருவரைக் கேட்கின்றோம். அணி அனுப்பாத பாடசாலைக்கு விளையாட்டில் ஆர்வம் இல்லை என்றும் பின்னர் எழுதிவைக்கின்றோம்.

இதன் விளைவு யாது? ஓட்டமும் பாய்ச்சலும் அறிந்த மாணவன் ஒருவன், தன் பாடசாலைச் சின்னம் பொறித்த மேற்சட்டையை ஒருமுறையேனும் அணியாமலே பாடசாலையை விட்டு நீங்குகின்றான். திறமை மிக்க சிலரை அவர்தம் பெற்றோர் நகரத்துப் பாடசாலைக்கு மாற்றுகின்றனர். அதனாற் சிறு பாடசாலை மேலும் சிறுக்கின்றது. மாணவர் அருகிய பாடசாலையை மூடிவிடலாம் என்னும் பேச்சு அதன் பின்னே எழுகின்றது. ஊருக்கு ஒரு பாடசாலை என்பது வெறுங் கட்டடம் அன்று. அது தோற்றாலும் வென்றாலும் அதற்காகக் கூடிநின்று ஆரவாரிக்கும் ஓர் ஊர் உண்டு.

அமெரிக்க ஆட்டத்தை அப்படியே இங்கு இறக்குமதி செய்க என்பது எம் கருத்தன்று. நீள்வட்டப் பந்தும் கவசமும் நமக்கு வேண்டா. நம் மாவட்டத்து மக்களின் உள்ளங் கவர்ந்த உதைபந்தாட்டமே நமக்குப் போதும். வேண்டுவது எப்ளரின் நெறி. வலயமட்டப் போட்டிகளிற் சிறு பாடசாலைகளுக்கென அறுவர் அல்லது எழுவர் பிரிவு ஒன்று அமைத்தல் வேண்டும். அப்பிரிவிலே திடலும் இலக்குக் கம்பமும் ஆட்தொகைக்கேற்பச் சிறுத்தல் வேண்டும். மாற்று ஆட்களை எத்தனை முறையும் இறக்க இடமளித்தல் நன்று, பதின்மரும் ஆடுவர். ஒருவனே பந்தை நெடுந்தூரம் கொண்டோடி இலக்கினுட் செலுத்துதலைத் தவிர்க்க, இலக்கினை நோக்கி உதைக்குமுன் இருவரேனும் பந்தைத் தொட்டிருத்தல் வேண்டும் என விதிக்கலாம். பெருந்தொகை இலக்குகளால் ஓரணி முந்துமிடத்து ஆட்டத்தை நிறுத்தும் விதியும் ஏற்றதே. வெருகலினின்று நகருக்கு வரும் அணி ஒரு சிறிய வானில் அடங்குமாயிற் செலவும் குறையும்.

ஒன்றை மட்டும் மறத்தல் ஆகாது. சிற்றணிப் பிரிவு இரக்கத்தால் இடப்படும் பிச்சையாக அமைதல் கூடாது. அதற்கும் முறையான நடுவர், முறையான அட்டவணை, முறையான கேடயம் வேண்டும். நெப்ராஸ்காவிலும் டெக்சாசிலும் இவ்வாட்டம் நிலைத்தமைக்குக் காரணம், அதனை ஆடுவோர் தம்மைக் குறைந்த ஆட்டம் ஆடுவோராய்க் கருதாமையே ஆகும்.

நமது கல்லூரி போன்ற பெரிய நிலையங்களில் இன்று பயிலும் மாணவருட் பலர் நாளை ஆசிரியராய் இம்மாவட்டத்தின் உட்கிராமங்களுக்குச் செல்வர். அங்கே பத்துப் பிள்ளைகள் மட்டும் தம்முன் நிற்கக் காண்பர். பதினோராமவன் வரும்வரை காத்திராது, நிற்கும் பதின்மரை எண்ணித் திடலை அளந்து கோடு கீறுவாராக. செஸ்டர் ஊரின் ஆசிரியர் ஒருவர் 1934இல் செய்ததும் அதுவே.